ஒளியை அளக்கும் கருவி, பொருளைத் தேடும் கண்

2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் ஆரஞ்சு நிறத்தில் விடிந்தது. காட்டுத்தீயின் புகை வானத்தை மூடி, நீல ஒளியைத் தடுத்து, செம்மஞ்சள் ஒளியை மட்டும் தரைக்கு விட்டது. மக்கள் தெருவுக்கு வந்து செல்பேசியை உயர்த்திப் படமெடுத்தார்கள். திரையில் வந்ததோ சாதாரண மேகமூட்ட நாளின் சாம்பல் வானம். கண்ணால் பார்ப்பதை ஊருக்குக் காட்ட முடியவில்லையே என்று பலர் திணறினார்கள். விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸைக் கையால் பூட்டிவைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த ஆரஞ்சு கிடைத்தது.

சென்சார் எந்தத் தப்பும் செய்யவில்லை. வந்த ஆரஞ்சு ஒளியை அது ஒழுங்காகவே பதிவுசெய்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த மென்பொருள்தான், விளக்கின் நிறம் ஏதோ கெட்டிருக்கிறது என்று முடிவுகட்டித் திருத்திவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இப்படித் திருத்தும் பழக்கமே மனிதக் கண்ணைப் பார்த்து அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது.

கேமராவும் கண்ணும் நிறத்தைக் காண்பதில் உள்ள வேறுபாட்டை விளக்குகிறவர்கள் பெரும்பாலும் சென்சாரையும் விழித்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வேறுபாடு உண்மைதான், அதனால் வரும் தொல்லைகளும் உண்மை. ஆனால் என் பார்வையில் அது பாதிக் கதைகூட இல்லை. கண் ஒளியைப் பொருட்படுத்துவதே பொருளை அறிவதற்காக. பழம் பழுத்ததா, முகம் வெளிறியிருக்கிறதா என்பதுதான் அதற்கு வேண்டும். பொருள் தெரிந்ததும் ஒளியை மறந்துவிடுகிறது. கேமராவுக்குக் கிடைப்பது ஒளி மட்டும். அதை வைத்துக்கொண்டு கண்ணின் முடிவை எட்டிப்பிடிக்க அது பாடுபடுகிறது. சண்டையெல்லாம் அங்கேதான்.

முதலில் கருவியையே பார்த்துவிடுவோம். ஒரு மாம்பழத்திலிருந்து வரும் ஒளியை முழுதாக எழுதிக்காட்ட, 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் ஓர் எண் வேண்டும். கண் அத்தனையையும் மூன்றே எண்களாகச் சுருக்கிவிடுகிறது. 1801-ல் தாமஸ் யங் லண்டனில் இதை ஊகித்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸும் மாக்ஸ்வெல்லும் வளர்த்தெடுத்தார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் தம் கடைசிக் காலத்தில் பார்வையைப் பற்றியே ஆராய்ந்து 1968-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்த மூவண்ணக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. கடலின் நீலத்துக்குக் காரணம் சொன்ன மேதை இந்த இடத்தில் சறுக்கினார் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் 1964-லேயே அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் விழித்திரையில் நிறம் உணரும் தனித்தனிக் கூம்புச் செல்லின் வழியே ஒளியைச் செலுத்தி அளந்து, மூன்று வகை இருப்பதைக் காட்டிவிட்டிருந்தன.

அந்த மூன்று வகைகளின் உச்ச உணர்திறன் சுமார் 420, 530, 560 நானோமீட்டரில் இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். இரண்டின் வளைகோடுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடக்கின்றன. ‘சிவப்புக் கூம்பு’ என்று பாடநூலில் எழுதியிருந்தாலும் அதன் உச்சம் மஞ்சள் கலந்த பச்சையில்தான். சிவப்பு என்ற உணர்வு இந்த இரண்டு செல்களின் கணக்கைக் கழித்துப் பார்ப்பதில் பிறக்கிறது. குறைந்த அலைநீளத்துக்கான செல்கள் மொத்தக் கூம்புகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பார்வை கூர்மையாக இருக்கும் நடுக்குழியின் மையத்தில் அவை அறவே இல்லை.

கேமராவின் ஏற்பாடு வேறு. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியிலும் இருக்கிறது, சிறு மாறுதல்களோடு. சிலிக்கான் சென்சாருக்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு நிற ஃபில்டர். பாதிப் பிக்சல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். ஆக, ஒரு பிக்சல் உண்மையில் அளப்பது ஓர் எண்ணைத்தான். மற்ற இரண்டும் அக்கம்பக்கத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. நாம் பார்க்கும் எந்த டிஜிட்டல் படத்திலும் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். தலைப்பில் கேமராவை அளக்கும் கருவி என்றேன். அந்தப் பெயருக்கும் இந்த அளவு தள்ளுபடி உண்டு.

இந்த ஃபில்டர்களைக் கண்ணின் கூம்புகளைப் போலவே செய்துவிட்டால் என்ன? கொள்கை தெரிந்ததுதான். கேமராவின் மூன்று வளைகோடுகளைக் கலந்து கண்ணின் மூன்றையும் பெற முடிந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை கேமராவுக்கும் ஒன்றாகத் தெரியும். இதை லூதர் நிபந்தனை என்பார்கள், 1927-ல் வந்தது. கடையில் வாங்கும் கேமரா எதுவும் இதை முழுதாக நிறைவேற்றுவதில்லை. கண்ணைப் போல நெருங்கிப் படிந்த இரண்டு வளைகோடுகளை வைத்துக்கொண்டு சிவப்பையும் பச்சையையும் பிரிக்க வேண்டுமானால் பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணைப் பெற வேண்டும். அப்போது படத்தில் இரைச்சல் புள்ளிகள் பெருகும். தயாரிப்பாளர்கள் ஃபில்டர்களைச் சற்றே விலக்கிவைத்து, துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சுத்தமான படத்தை வாங்கிக்கொள்கிறார்கள். நியாயமான பேரம்தான்.

அதற்கான விலை சில இடங்களில் பளிச்சென்று தெரியும். வானவில்லின் ஓரத்தில் இருக்கும் ஊதா பல கேமராக்களில் வெறும் நீலமாக வருகிறது. அந்த அலைநீளத்தில் நம் கண்ணுக்குச் சிவப்பின் சாயல் லேசாகத் தோன்றும். கேமராவின் சிவப்பு ஃபில்டர் அங்கே ஏறக்குறைய அடைத்துக்கிடக்கும். ஃபிலிம் காலத்தில் தலைகீழான தொல்லை ஒன்று இருந்தது. சில நீலப் பூக்கள் இளஞ்சிவப்பாகப் படத்தில் வந்தன. அந்தப் பூக்கள் 700 நானோமீட்டரை ஒட்டியும் அதற்கு அப்பாலும் நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. நம் கண் அதைப் பார்ப்பதே இல்லை, ஃபிலிம் பார்த்தது.

சிலிக்கான் இன்னும் தூரம் பார்க்கும். ஏறக்குறைய 1100 நானோமீட்டர் வரை. டி.வி. ரிமோட்டின் முனையைச் செல்பேசிக் கேமராவுக்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல செல்பேசிகளின் திரையில், குறிப்பாக முன்பக்கக் கேமராவில், ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மின்னும். இதைத் தடுக்கத்தான் சென்சாருக்கு முன் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் வைக்கிறார்கள். 2006-ல் வந்த லைக்கா எம்8 கேமராவில் அந்த ஃபில்டரை மெல்லியதாக வைத்துவிட்டார்கள். விளைவு, செயற்கை இழைக் கறுப்புக் கோட்டுகள் எல்லாம் கருஞ்சிவப்பு ஊதாவாக வந்தன. விலை உயர்ந்த கேமராவை வாங்கியவர்களுக்கு லென்ஸில் மாட்ட இலவச ஃபில்டர்களைக் கொடுத்து நிறுவனம் சமாளித்தது.

முதல் வண்ணப்படம் என்று கொண்டாடப்படுவதே இப்படிப்பட்ட குளறுபடியின் குழந்தை. 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மாக்ஸ்வெல், தாமஸ் சட்டன் எடுத்த மூன்று படங்களைச் சிவப்பு, பச்சை, நீல ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையிட்டார். கட்டம்போட்ட ஸ்காட்லாந்து நாடா ஒன்று வண்ணத்தில் தெரிந்தது. ஆனால் அன்று ஃபிலிமின் இடத்தில் இருந்த ஈரத்தட்டில் சிவப்பு ஒளி பதியவே பதியாது. பிறகு சிவப்புப் படம் எங்கிருந்து வந்தது? நூறு ஆண்டு கழித்து கோடாக் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மாக்ஸ்வெல்லின் சிவப்பு ஃபில்டர் புற ஊதாவையும் கசியவிட்டிருக்கிறது. நாடாவின் சிவப்புச் சாயம் புற ஊதாவையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி, தட்டுக்குத் தெரியாத ஒளிக்குப் பதிலாள் வேலை பார்த்துவிட்டது. கொள்கை சரி, செய்முறை தற்செயல். சரித்திரத்தில் இப்படியும் நடக்கிறது.

மூன்று எண்ணாகச் சுருக்குவதில் இன்னொரு விளைவு உண்டு. வெவ்வேறு கலவையில் வரும் இரண்டு ஒளிகள் அதே மூன்று எண்களைத் தந்தால் கண் அவற்றை ஒரே நிறமாகவே காணும். கடை விளக்கில் சேலையும் ரவிக்கைத் துணியும் அச்சாகப் பொருந்தும். வாசலுக்கு வந்தால் ஒன்று பச்சையடிக்கும். சேலையை வெயிலில் விரித்துப் பார்த்து வாங்கும் நம் பெண்களின் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான். கேமராவின் மூன்று எண்கள் கண்ணின் மூன்று எண்கள் இல்லை என்பதால், கண்ணுக்குப் பொருந்தும் ஜோடி கேமராவில் பிரியலாம், கண்ணுக்குப் பிரிவது கேமராவில் பொருந்தலாம். பின்னால் எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சுருக்கும்போதே தொலைந்துபோன தகவல் அது.

இனிதான் பெரிய வேறுபாடு. ஒரு வெள்ளைத் தாளை நண்பகலில் முற்றத்தில் பாருங்கள், இரவில் மஞ்சள் குண்டு பல்பின் கீழ் பாருங்கள். இரண்டு இடத்திலும் வெள்ளைதான். தாளிலிருந்து வரும் ஒளியோ முற்றிலும் வேறு. குண்டு பல்பின் நிற வெப்பநிலை சுமார் 2,800 கெல்வின், நண்பகல் வெயில் 5,500, நீல வானத்தின் கீழ் நிழல் 7,000-க்கும் மேல். பல்பின் ஒளியில் நீலம் மிக அற்பம். அப்படியும் நமக்குத் தாள் மஞ்சளாவதில்லை. கூம்புச் செல்கள் தத்தம் உணர்திறனைத் தனித்தனியே ஏற்றி இறக்கிக்கொள்கின்றன என்று 1902-ல் வோன் கிரீஸ் ஒரு விதி சொன்னார். இன்றைக்கும் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் அந்த விதியின் வாரிசு: மூன்று நிறங்களையும் தனித்தனி எண்ணால் பெருக்கிவிட்டால் வேலை முடிந்தது.

எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் சிக்கல். விளக்கின் நிறம் என்ன என்று கேமராவுக்கு யாரும் சொல்வதில்லை. காட்சியிலிருக்கும் நிறங்களின் சராசரி சாம்பலாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வது மிகப் பழைய உத்தி. மஞ்சள் சுண்ணாம்படித்த சுவருக்கு முன் குழந்தையை நிறுத்திப் படமெடுத்தால் இந்த உத்தி சுவரை விளக்கென்று நினைத்துக்கொள்ளும். மஞ்சளைக் குறைக்கிறேன் என்று குழந்தையின் முகத்தில் நீலம் பூசிவிடும். இன்றைய செல்பேசிகள் லட்சக்கணக்கான படங்களில் பயிற்சி பெற்ற மென்பொருளைக்கொண்டு இதைவிடக் கெட்டியாக ஊகிக்கின்றன. என்றாலும் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆரஞ்சு வானம் மாதிரி அது பார்த்திராத ஒன்று வந்தால் தடுமாறிப்போகும்.

கண்ணும் அந்த நாளில் தன்னைத் திருத்திக்கொள்ள முயன்றிருக்கும்தான். ஆனால் நம் திருத்தம் ஒருபோதும் முழுமையாக நடப்பதில்லை. அது அரைகுறையாக இருப்பதே நமக்கு நல்லது. விளக்கின் நிறத்தையும் ஓரளவு உணர்ந்துகொண்டே பொருளின் நிறத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறோம். மாலை வெயிலில் வீட்டுச் சுவர் வெள்ளை என்பதும் தெரியும், அதன்மேல் பொன்னொளி விழுந்திருக்கிறது என்பதும் தெரியும். ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு நிறம் எழுத முடிந்த படத்துக்கு இந்த இரட்டைக் கணக்கு வாய்க்காது.

கண் இதை எப்படிச் செய்கிறது என்பதற்குப் போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் நடத்திய சோதனையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. பல நிறக் காகிதத் துண்டுகளை ஒட்டிய பெரிய பலகை. அதன்மேல் மூன்று புரொஜெக்டர்களின் சிவப்பு, பச்சை, நீல ஒளி. பச்சைத் துண்டிலிருந்து வரும் ஒளியைக் கருவியால் அளந்துகொள்வார். பிறகு புரொஜெக்டர்களைக் கூட்டிக் குறைத்து, வேறொரு துண்டிலிருந்து, சிவப்பென்றே வைத்துக்கொள்வோம், அச்சாக அதே அளவு ஒளி கண்ணுக்கு வரும்படி செய்வார். அளவுக்கருவி இரண்டும் ஒன்றே என்று சொல்லும். பார்ப்பவர்களோ சிவப்பைச் சிவப்பென்றே சொன்னார்கள். சுற்றியுள்ள துண்டுகளோடு ஒப்பிட்டு மூளை நிறத்தைக் கணிக்கிறது. 1977-ல் லேண்ட் இதை விரிவாக எழுதினார். பாரிசில் காஸ்பார் மோன்ஜ் 1789-லேயே, சிவப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் சிவப்புத் தாள் வெளுத்துத் தெரிவதை அறிஞர் சபை நடுவே காட்டியிருந்தார். கோப்லாங் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ஷெவ்ரூலிடம் கறுப்பு நூல் மங்கலாக இருப்பதாகப் புகார் வந்தது. நூலில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை அப்படிக் காட்டுகிறது என்று கண்டறிந்து 1839-ல் அவர் ஒரு நூலே எழுதினார். பெரிய உண்மைகள் சில சாயப்பட்டறையில்தான் முதலில் அகப்பட்டிருக்கின்றன.

இந்த ஊகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை உலகம் 2015 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்கு அணிந்த உடையின் படத்தால் தெரிந்துகொண்டது. நீலமும் கறுப்புமான அந்த உடுப்பைப் பல பேர் வெள்ளையும் பொன்னிறமும் என்று சத்தியம் செய்தார்கள். 1,400 பேரிடம் கேட்டபோது 57 சதவீதம் நீலம்-கறுப்பு, 30 சதவீதம் வெள்ளை-பொன். படத்தில் விளக்கு எங்கே, என்ன நிறம் என்பதற்குத் தடயமே இல்லை. நிழலில் இருப்பதாக நினைத்துக்கொண்ட மூளை நீலத்தைக் கழித்தது. மஞ்சள் விளக்கின் கீழ் இருப்பதாக நினைத்துக்கொண்ட மூளை மஞ்சளைக் கழித்தது. அதிகாலையில் எழுகிறவர்களுக்கு வெள்ளை-பொன்னாகத் தெரியும் வாய்ப்பு சற்று அதிகம் என்று பாஸ்கல் வாலிஷ் 2017-ல் காட்டினார். பகலொளியில் அதிக நேரம் கழிப்பவர்கள் பகலொளியையே எதிர்பார்க்கிறார்கள் என்பது அவர் விளக்கம். கவனிக்க வேண்டியது, அந்த உடையை நேரில் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேமரா தடயங்களைத் தொலைத்த இடத்தில்தான் கண் தடுக்கி விழுந்தது.

இருட்டில் கதை தலைகீழ். அந்தி சாயும்போது தோட்டத்துச் செம்பருத்தி முதலில் கறுத்துப்போகும், இலைகள் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். செக் அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார். ஒளி குறையும்போது வேலை கூம்புகளிடமிருந்து சுமார் 12 கோடி குச்சிச் செல்களின் கைக்கு மாறுகிறது. அவற்றின் உச்சம் 500 நானோமீட்டரை ஒட்டியது. சிவப்புக்கு அவை ஏறக்குறையக் குருடு. ஒரே வகைதான் என்பதால் நிறமும் இல்லை. கேமராவுக்கு இப்படிப் பகல் செல், இரவுச் செல் என்ற பிரிவு கிடையாது. ஷட்டரைப் பல விநாடிகள் திறந்துவைத்து ஒளியைச் சேர்த்துக்கொண்டால் நள்ளிரவிலும் அதே மூன்று ஃபில்டர்கள் வேலை செய்யும். 2024 மே 10-11 இரவின் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லே ஆய்வகக் கேமராக்களில் வானம் சிவந்து பதிவாயிற்று. ஆக்சிஜன் அணுக்கள் 630 நானோமீட்டரில் உமிழும் அந்தச் செவ்வொளி மங்கலானது. வெறுங்கண்ணால் அதைக் காண்பது கடினம். துருவ ஒளியின் பச்சைப் படங்களைப் பார்த்துவிட்டு ஐஸ்லாந்துக்குப் பயணப்பட்டு, அங்கே சாம்பல் புகையைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. அவர்கள் பார்த்த படம் போலியில்லை. கண்தான் அங்கே ஏழை.

இதுவரை சொன்னதெல்லாம் இயற்பியலும் உடலியலும். அடுத்து ரசனை. நம் நினைவில் இருக்கும் புல் நிஜப் புல்லைவிடப் பச்சை, வானம் நிஜத்தைவிட நீலம். 1960-ல் பார்ட்லசன் என்பவர் இதை முறையாக அளந்து வெளியிட்டார். ஃபிலிம் நிறுவனங்களுக்கு இது தொழில் ரகசியமாகவே பயன்பட்டது. 1990-ல் வந்த ஃபூஜி வெல்வியா ஃபிலிம் அத்தனை புகழ்பெற்றது உண்மையைக் காட்டியதால் இல்லை, நினைவைக் காட்டியதால். செல்பேசி நிறுவனங்களின் பொறியாளர்கள் இன்று அதே வேலையை மென்பொருளில் செய்கிறார்கள். ஒரே காட்சியை மூன்று நிறுவனங்களின் செல்பேசிகளில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், மூன்று வானம் கிடைக்கும்.

யாருடைய ரசனை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்க ஃபோட்டோ அச்சுக்கூடங்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல்லாண்டுக் காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்கு ஏற்றபடி அச்சு அமைந்தது. கறுத்த முகங்கள் விவரமிழந்து மை பூசியதுபோல் வந்தன. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் திரட்டிய வரலாற்றின்படி, ஃபிலிமில் பழுப்பு நிறங்கள் மேம்படத் தூண்டியவர்களில் சாக்லேட்காரர்களும் மரச்சாமான் கடைக்காரர்களும் இருந்தார்கள். கறுத்த மனிதர்களின் குறையைவிடக் கறுத்த சாக்லேட்டின் குறை அங்கே சீக்கிரம் காதில் விழுந்திருக்கிறது. 2021-ல் கூகுள் பிக்சல் 6 கேமராவில் பல தோல் நிறங்களுக்கும் பொருந்தும் ஏற்பாடு என்று தனியே விளம்பரப்படுத்த வேண்டியிருந்தது. நம் ஊரைக் குற்றமற்றதாகக் காட்டவும் வழியில்லை. கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணை இரண்டு ஷேடு வெளுப்பாக்கித் தரும் வழக்கத்துக்கு எந்த அமெரிக்க நிறுவனமும் காரணமில்லை. செல்பேசி ‘பியூட்டி மோடு’ அதைக் கேட்காமலே செய்கிறது.

எடுத்த படத்தைக் காட்டும் திரைக்கும் எல்லை உண்டு. 1996-ல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்ற வரையறைக்குள்தான் இன்னமும் பெரும்பாலான படங்கள் பயணம் செய்கின்றன. கண்ணால் காணக்கூடிய நிறப்பரப்பின் வரைபடத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். வாடாமல்லி, அடர்ந்த மயில்நீலம் போன்றவை எளிதில் எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியதைத் திரை ஓரத்துக்கு இழுத்து ஒட்டவைக்கிறது. செம்பருத்திப் படத்தில் இதழின் நரம்பெல்லாம் மறைந்து வெறும் சிவப்புத் திட்டாகத் தெரிவது பெரும்பாலும் சிவப்பு எண் மட்டும் உச்சியில் முட்டி நின்றுவிடுவதால்தான். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் நரம்புகள் திரும்பிவரும்.

மயில்கழுத்துப் பட்டுக்கு இந்தச் சமாளிப்பும் செல்லாது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். சேலை அசையும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிறம் ஓடும். அந்த ஓட்டம்தான் அதன் நிறம். அசையாத ஒரு படம் அதில் ஒரு கோணத்தைப் பிடித்துத் தருகிறது. வாங்கியவருக்கு வந்து சேர்ந்த சேலை மற்ற கோணங்களையும் காட்டுகிறது. படத்தில் பார்த்த நிறத்துக்கும் நிஜ நிறத்துக்கும் சிறு மாற்றம் இருக்கலாம் என்று இணையக் கடைகள் அடியில் போடும் பொடி எழுத்து, நான் பார்த்தவரை, அந்தப் பக்கத்திலேயே மிக நேர்மையான வரி.

சரி, கேமராவை எந்தக் கண்ணோடு ஒப்பிடுகிறோம்? உலகம் முழுக்க நிற அளவைக்கு ஆதாரமாக இருப்பது 1931-ல் வகுக்கப்பட்ட ‘தர நோக்கர்’. டபிள்யூ.டி. ரைட் பத்துப் பேரையும், ஜான் கில்டு ஏழு பேரையும் வைத்து இங்கிலாந்தில் எடுத்த அளவுகளின் சராசரி அது. மொத்தம் 17 பேர். அந்தச் சராசரிக் கண் எந்த மனிதரின் முகத்திலும் இல்லை. 1999-ல் ரூர்டாவும் வில்லியம்ஸும் உயிருள்ள விழித்திரையைப் படமெடுத்தபோது, இயல்பான பார்வையுடைய இரண்டு ஆண்களில் ஒருவருக்கு நீள, நடு அலைநீளக் கூம்புகள் ஏறக்குறையச் சமமாக இருந்தன, மற்றவருக்கு ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. வயதேற ஏற விழிவில்லை மஞ்சளடித்து நீலத்தைக் குறைத்துவிடும். ஓவியர் மோனே 1923-ல் கண்புரை அறுவைக்குப் பிறகு நிறங்கள் மாறிப்போய் அவதிப்பட்டார்.

நிறத்தில் பணம் புழங்கும் இடத்தில் இதனால்தான் படத்தை நம்புவதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தால், வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து யாரும் சாயம் போடமாட்டார்கள். துணித்துண்டு ஒன்று கூரியரில் வரும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து, 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீள வாரியாக எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளப்பார்கள். மூன்று எண்கள் அங்கே போதாது. அந்த வளைகோட்டுக்குப் பொருந்தும்படி சாயக் கலவை போட்டு, ‘லேப் டிப்’ என்ற மாதிரித் துண்டுகளை முக்கியெடுத்து, விளக்குப் பெட்டிக்குள் அசலோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். முதலில் பகலொளிக்கு ஈடான டி65 விளக்கு, பிறகு ஐரோப்பியக் கடைகளில் முன்பு எரிந்துவந்த டிஎல்84 குழல்விளக்கு. முதல் விளக்கில் பொருந்தி இரண்டாவதில் பிரிந்துபோகும் துண்டை ஒதுக்கிவிட்டு, சாயங்களை மாற்றி மறுபடி முக்குவார்கள்.